ஆறு கணினி உள்ள ஆடிட்டர் அலுவலகத்துக்கு எந்த பேக்கப் போதும்?

தூத்துக்குடியில் ஆறு கணினிகளோடு ஆடிட்டர் அலுவலகம் நடத்தும் நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். டேலி என்ற கணக்கு மென்பொருள், வருமான வரி மென்பொருள், வேர்டு, எக்செல் கோப்புகள், மின்னஞ்சல் எல்லாம் சேர்ந்து சுமார் 400 ஜிபி. சர்வராகப் பயன்படும் கணினியில் இரண்டு டிஸ்க்குகள், ஒரே தரவை இரண்டிலும் எழுதும் ரெய்டு முறையில் இருக்கின்றன. மாலையில் ஓர் உதவியாளர் டேலியைப் பென் டிரைவில் எடுத்துவைக்கிறார். முக்கியமான கோப்புறை கூகுள் டிரைவோடு தானாக ஒத்திசைகிறது. இது போதுமா, எந்த மென்பொருள் வாங்கலாம், பழைய சிடிக்களை எறிந்துவிடலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

போதாது. ரெய்டில் இரண்டு, பென் டிரைவில் ஒன்று, கூகுளில் ஒன்று என்று நான்கு நகல்கள் இருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். நான் வேறு விதமாக எண்ணுவேன். ஒரே காரணத்தால் ஒரே நாளில் அழியக்கூடிய நகல்கள் எத்தனை இருந்தாலும் அவற்றை ஒன்றென்றே கணக்கில் வைக்க வேண்டும். அப்படி எண்ணினால் டேலிக்கு உங்களிடம் இருப்பது ஒன்றரை நகல். மற்றவற்றுக்கு அதுவும் இல்லை.

ரெய்டிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு டிஸ்க்குகளில் ஒன்று பழுதானால் மற்றொன்றை வைத்து வேலையைத் தொடரலாம். ரெய்டின் பயன் அவ்வளவுதான். ஒருவர் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் அந்தக் கணமே இரண்டு டிஸ்க்கிலிருந்தும் அது போய்விடும். மின்னல் தாக்கி மின்வழங்கி எரிந்தாலும், திருடன் பெட்டியோடு தூக்கிச் சென்றாலும் இரண்டும் சேர்ந்தே போகும். வீட்டுச் சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து வைத்திருப்பதைப் போன்றதுதான் இது. ரெய்டை எடுத்துவிடச் சொல்லவில்லை, இருக்கட்டும். பேக்கப் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்.

கூகுள் டிரைவ் ஒத்திசைவில் பலரும் ஏமாறுகிறார்கள். ஒத்திசைவு என்றால் இங்கே நடப்பது அங்கேயும் நடக்கும் என்று பொருள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அழிந்த கோப்பு குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், பிறகு நிரந்தரமாக நீங்கிவிடும். திருத்தப்பட்ட கோப்பின் பழைய வடிவங்களும் பொதுவாக 30 நாளைக்கே கிடைக்கும். ஜூன் மாதம் பயிற்சி மாணவர் ஒருவர் இடம் போதவில்லை என்று ஒரு வாடிக்கையாளரின் கோப்புறையை அழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தணிக்கை அறிக்கைக்கான கெடு நெருங்கும் செப்டம்பரில்தான் அது உங்களுக்குத் தெரியவரும். அதற்குள் 30 நாள் முடிந்து நெடுநாளாகியிருக்கும். உங்கள் தொழிலில் பிழை நடப்பதற்கும் அது கண்ணில் படுவதற்கும் நடுவே மாதங்கள் ஓடிவிடுகின்றன. பேக்கப்பின் நினைவு அதைவிட நீளமாக இருக்க வேண்டும்.

பென் டிரைவுக்கு வருவோம். நேற்றைய நகலின்மீது இன்றைய நகலை எழுதுகிறார்கள் என்றே ஊகிக்கிறேன். அப்படியானால் இன்று டேலியில் பிழை ஏற்பட்டிருந்தால் மாலையில் பென் டிரைவிலும் அதே பிழைதான் இருக்கும். நாளுக்கொரு கோப்புறையாக எடுத்தாலும், அந்தப் பென் டிரைவ் இரவு முழுக்க சர்வரிலேயே செருகியிருந்தாலோ அதே மேசை இழுப்பறையில் கிடந்தாலோ பெரிய பயன் இல்லை. பென் டிரைவுகள் முன்னறிவிப்பின்றிச் செத்துப்போகும், சட்டைப்பையிலிருந்து விழும். ஒரு கோப்பை இங்கிருந்து அங்கே கொண்டுபோக அது சரி. வைத்துக் காப்பதற்கு ஏற்ற பொருள் இல்லை.

இப்போது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் முதலில் பயப்பட வேண்டியது ரான்சம்வேருக்கு. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் அந்த நச்சு நிரல், தான் நுழைந்த கணினியால் எழுத முடிகிற எல்லா இடங்களையும் பூட்டும். 'இசட் டிரைவ்' என்று நீங்கள் எல்லாக் கணினிகளிலும் இணைத்து வைத்திருக்கும் பொதுக் கோப்புறையும், செருகியே கிடக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கும், ஒத்திசையும் கூகுள் கோப்புறையும் அதில் அடக்கம். விண்டோஸ் தானாக எடுத்துவைக்கும் ஷாடோ காப்பிகளை இத்தகைய நிரல்கள் முதல் வேலையாக அழித்துவிடுவது வழக்கம். கடைசித் தேதி நெருக்கத்தில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்திருக்கும் ஆடிட்டர் அலுவலகங்கள் நிறைய. ரான்சம்வேர் நுழையும் முக்கிய வழிகளில் அது ஒன்று. உங்களுடையதும் அப்படியிருந்தால் பேக்கப்பைப் பற்றிப் படிப்பதை இங்கேயே நிறுத்தி, முதலில் அதை மூடச் சொல்லிவிட்டு வாருங்கள்.

2017 ஜூன் மாதம் நாட்பெட்யா என்ற நிரல் டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. உலகெங்கும் பரவிய அதன் கணினி வலைப்பின்னலில், பயனர்களையும் அனுமதிகளையும் நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் ஒன்றுக்கொன்று நகலாக இயங்கின. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்பது ஏற்பாடு. தாக்குதலில் அத்தனையும் ஒன்றாகப் போயின. மிஞ்சியது ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒரே ஒரு சர்வர். தாக்குதலுக்கு முன்பே அங்கே மின்சாரம் போய், அது வலைப்பின்னலிலிருந்து விடுபட்டிருந்தது. அந்த மின்வெட்டு தற்செயலாகச் செய்த வேலையை உங்கள் அலுவலகத்தில் நீங்கள் வேண்டுமென்றே செய்ய வேண்டும். எந்த நேரத்திலும் ஒரு நகலாவது எந்தக் கணினியோடும் வலைப்பின்னலோடும் இணையாமல் இருக்க வேண்டும்.

அதற்கு 2 டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வேண்டாம், சாதாரணச் சுழலும் டிஸ்க்கே போதும். மின்சாரமின்றி நெடுநாள் வைத்திருப்பதற்கு அதுவே பொருத்தம், விலையும் குறைவு. மேலே 'அ', 'ஆ' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இந்த வாரம் 'அ' அலுவலகத்தில், 'ஆ' வெளியில். அடுத்த வாரம் மாற்றுங்கள். மாற்றும்போது இரண்டும் அலுவலகத்தில் ஒன்றாகச் சேரக் கூடாது. உள்ளே இருப்பதை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, வெளியே இருந்ததை எடுத்து வாருங்கள். யுஎஸ்பி 3 இணைப்பில் சாதாரண டிஸ்க் வினாடிக்கு 100 எம்பி அளவில் எழுதும். முதல் முறை 400 ஜிபிக்கும் ஒன்றேகால் மணி நேரம் போதும் என்று கணக்கு சொல்லும். சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் நடைமுறையில் இரவு முழுக்க எடுத்தாலும் வியக்க வேண்டாம். அதன்பின் மாறியவை மட்டும் போவதால் விரைவில் முடிந்துவிடும்.

'வெளியில்' என்று சொன்னதை உங்கள் ஊரில் கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அந்த நாள்களில் அலுவலகம் தரைத்தளத்தில், வீடு இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் என்று இருந்தவர்களுக்கு இரண்டு இடமும் ஒரே இடம்தான். வெளியே வைக்கும் டிஸ்க் மாடி வீட்டில், உயரமான அலமாரியில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போய்வருகிற பங்குதாரரோ உறவினரோ இருந்தால் மூன்றாவதாக 'இ' என்று ஒரு டிஸ்க்கை அங்கே விட்டுவைப்பது இன்னும் நல்லது. வெளியே போகும் டிஸ்க்கில் வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இருப்பதால் விண்டோஸிலேயே உள்ள பிட்லாக்கர் என்ற பூட்டு வசதியால் பூட்டிவிடுங்கள். பூட்டுவதற்கு விண்டோஸ் ப்ரோ பதிப்பு தேவை. திறப்பதற்கு ஹோம் பதிப்பே போதும். பூட்டும்போது வரும் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் அச்சிட்டு, டிஸ்க் இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறிடத்தில் வையுங்கள்.

இதற்கெல்லாம் 3-2-1 என்று ஒரு பழைய விதி உண்டு. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வெளியிடத்தில். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்க நிழற்படக் கலைஞர் தம் படங்களைக் காக்கச் சொல்லிப் பரவிய விதி இது. நல்ல விதிதான், ஆனால் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டால் ஏமாற்றும். அது வகுக்கப்பட்ட காலத்தில் ரான்சம்வேர் இந்த அளவுக்கு இல்லை. அதனால்தான் எண்ணிக்கைக்கு முன்னால் 'எந்தக் காரணத்தால் எவை எவை சேர்ந்து போகும்' என்ற கேள்வியை வைக்கிறேன்.

பணம் கட்டி இணையவழிச் சேமிப்பான கிளவுடில் வைத்துவிட்டால் கவலை தீர்ந்ததா என்று அடுத்துக் கேட்பீர்கள். கிளவுட் என்பதும் எங்கோ ஓர் ஊரில் இருக்கும் கட்டடம்தான். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசின் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் அலுவல் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் அதில் எரிந்தது. 858 டெராபைட், வேறெங்கும் நகல் இல்லை. நகலெடுக்க முடியாத அளவு பெரியது என்பது சொல்லப்பட்ட காரணம். ஆகவே கிளவுடை உங்கள் இரண்டு டிஸ்க்குகளுக்கு மேலே இன்னொன்றாக வையுங்கள், அவற்றுக்குப் பதிலாக வைக்காதீர்கள். வேகத்தையும் கணக்கிடுங்கள். பதிவேற்ற வேகம் 20 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 20 மெகாபிட்) என்றால் 400 ஜிபி ஏற இரண்டு நாள் ஆகும். எல்லாம் போனபின் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க, இடையூறே இல்லாவிட்டாலும் ஒன்பது மணி நேரம். கெடு நாளன்று ஒன்பது மணி நேரம் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்து, எதையெல்லாம் நகலெடுக்க வேண்டும் என்பது. இங்கேதான் அலுவலகங்கள் அதிகம் கோட்டை விடுகின்றன. டேலி தரவுக் கோப்புறையை, ஐந்து பேர் உள்ளே பதிவு செய்துகொண்டிருக்கும்போது அப்படியே காப்பி செய்தால், பாதி எழுதப்பட்ட நிலையில் ஒரு நகல் கிடைக்கும். பார்வைக்கு முழுசாக இருக்கும், திறக்கும்போது பிழை காட்டும். எல்லோரும் வெளியேறிய பிறகு எடுங்கள், அல்லது டேலியின் 'டேட்டா' மெனுவில் உள்ள பேக்கப் வசதியால் எடுங்கள். வரி மென்பொருள்களில் பல எஸ்கியூஎல் தரவுத்தளத்தில் சேமிக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளக் கோப்பைச் சாதாரணமாகக் காப்பி செய்யவே முடியாது. அந்தந்த மென்பொருளிலேயே இருக்கும் பேக்கப் வசதியை இரவில் ஓட விட்டு, அது உருவாக்கும் கோப்பை டிஸ்க்குக்குக் கொண்டுபோக வேண்டும். அவுட்லுக்கில், அஞ்சலைக் கணினிக்கே இறக்கிவைக்கும் பாப் முறையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஆண்டுக்கணக்கான கடிதங்கள் ஒரே பிஎஸ்டி கோப்பில், அந்த ஒரு கணினியில் மட்டும் இருக்கும். சர்வரை மட்டும் பேக்கப் எடுக்கும் அலுவலகத்தில் இது விடுபட்டே தீரும். டெஸ்க்டாப்பில் கோப்புகளைப் பரப்பி வைக்கும் பழக்கமும் அப்படியே. ஆறு கணினிகளிலும் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் சர்வருக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆறையும் பேக்கப்பில் சேருங்கள்.

நகலெடுக்கவே முடியாத ஒன்றும் உங்களிடம் இருக்கிறது: மின்னணுக் கையொப்பம் இருக்கும் டிஎஸ்சி டோக்கன். அதிலுள்ள சாவி வெளியே வராதபடிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. தொலைந்தால் புதிதாக வாங்குவதே வழி. எனவே யாருடையது, எப்போது முடிகிறது, எங்கே வாங்கியது என்ற பட்டியலைப் பேக்கப்போடு வையுங்கள். டேலியில் தரவைப் பூட்டும் டேலி வால்ட் கடவுச்சொல் போட்ட நிறுவனங்கள் இருந்தால் அந்தக் கடவுச்சொற்களும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும், தாளில், உறையில் ஒட்டி. கடவுச்சொல் மறந்துபோனால் எத்தனை நகல் இருந்தும் பயனில்லை.

எவ்வளவு காலம் வைப்பது? தினசரி நகல் இரண்டு வாரத்துக்கு, வார நகல் மூன்று மாதத்துக்கு, மாத நகல் ஓராண்டுக்கு, ஒவ்வொரு நிதியாண்டும் முடித்தபின் ஒரு நகல் தனியாக எட்டு ஆண்டுக்கு. எட்டு என்பது கம்பெனிகள் சட்டம் 128ஆம் பிரிவு கணக்குப் புத்தகங்களுக்குச் சொல்லும் காலம். ஜிஎஸ்டியில் ஆண்டறிக்கைக் கெடுவிலிருந்து 72 மாதம். உங்கள் பிரைவேட் லிமிடெட் வாடிக்கையாளர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்டுங்கள். 2022 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பிறகு, மின்னணு வடிவில் கணக்கு வைத்திருக்கும் கம்பெனிகள் அதன் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைத்திருக்க வேண்டும். முன்பு 'குறிப்பிட்ட கால இடைவெளியில்' என்று இருந்தது 'தினமும்' என்று மாறியது. அவர்களிடம் இதைக் கேட்கும் இடத்தில் இருக்கும் நீங்களே பென் டிரைவில் எடுத்துக்கொண்டிருப்பது அழகில்லை.

மீட்டுப் பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப், பிரதி ஏற்பாடுகள் இருந்தும் அந்த நேரத்தில் எதுவும் சரியாகக் கைகொடுக்கவில்லை. அன்றாடப் பேக்கப் நிரல் தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமல் தொடர்ந்து தோல்வியடைந்திருந்தது. அமேசானில் நகல்கள் இருக்க வேண்டிய இடம் காலி. 'பேக்கப் தோல்வி' என்று எச்சரிக்கும் மின்னஞ்சல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. அஞ்சல் சர்வர் அவற்றை ஏற்க மறுத்ததால் யார் கண்ணிலும் படவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்திருந்த நகலைக் கொண்டு மீண்டார்கள். நடந்ததை மறைக்காமல் அவர்களே வெளியிட்டதால் நமக்கு இவ்வளவு தெரிகிறது.

ஆகவே தோல்வி அஞ்சல் வரவில்லை என்பதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். காலையில் அலுவலகம் திறப்பவர் பேக்கப் கோப்புறையைத் திறந்து, நேற்றைய தேதியில் கோப்பு இருக்கிறதா, அதன் அளவு முந்தைய நாளை ஒத்திருக்கிறதா என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதட்டும். இரண்டு நிமிட வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அலுவலகக் கணினி அல்லாத ஒரு மடிக்கணினியில் வெளியே இருந்த டிஸ்க்கைச் செருகி உண்மையாகவே மீட்டுப் பாருங்கள். டேலியில் ரீஸ்டோர் செய்யும்போது இலக்கு இடமாகப் புதிய காலிக் கோப்புறையைக் கொடுங்கள். நடப்புத் தரவு இருக்கும் இடத்தைக் கொடுத்தால் பழையது அதன்மீது ஏறிவிடும். கடைசி வவுச்சரின் தேதி என்ன, பத்துப் பிடிஎஃப்களும் எக்செல்களும் திறக்கின்றனவா, அஞ்சல் கோப்பு திறக்கிறதா என்று பாருங்கள். வழக்கமாக பேக்கப் எடுப்பவரைத் தவிர வேறொருவர் இதைச் செய்ய வேண்டும், அதுவும் எழுதி வைத்த குறிப்பைப் பார்த்து மட்டும். அந்த ஒருவர் விடுப்பில் இருக்கும் நாளில்தான் டிஸ்க் போகும் என்று விதி ஒன்றும் இல்லை, ஆனால் அப்படித்தான் நடக்கிறது. புதிய கணினியில் டேலி உரிமத்தை மீண்டும் செயல்படுத்த வரிசை எண்ணும் பதிவு செய்த மின்னஞ்சலும் வேண்டும். அந்த மின்னஞ்சல் விற்றுக்கொடுத்தவருடையதாக இருக்கிறதா என்பதும் இந்தச் சோதனையில்தான் தெரியவரும். புதிய விண்டோஸ் 11 கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டு, மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்குக்குப் போய்விடுவதுண்டு. யாருடைய கணக்கு என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

மென்பொருள் கேள்வி உண்மையில் சின்னது. உங்கள் அளவுக்கு வீம் ஏஜென்டின் இலவசப் பதிப்பு போதும். முழுக் கணினியையும் ஒரு படிமமாக எடுக்கும், பழைய நாள்களையும் வைத்திருக்கும். மறைகுறியாக்கிக் கிளவுடுக்கு அனுப்ப டூப்ளிகேட்டி இருக்கிறது, அதுவும் இலவசம். விண்டோஸில் நகலெடுக்க உதவும் ரோபோகாப்பி கட்டளையை யாராவது எழுதிக் கொடுத்தால், அதில் 'எம்ஐஆர்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது மூலத்தில் இல்லாததை நகலிலும் அழித்துவிடும். பணம் செலவழிக்க விரும்பினால் மென்பொருளுக்குப் பதிலாக வலைப்பின்னலில் இணைத்து வைக்கும் சேமிப்புப் பெட்டியான, இரண்டு டிஸ்க் கொண்ட ஒரு நாஸுக்கும் அதற்கொரு யுபிஎஸ்ஸுக்கும் செலவழியுங்கள். கணினிகள் நாஸுக்குள் எழுதுவதாக இல்லாமல், நாஸே கணினிகளிலிருந்து இழுத்துக்கொள்வதாக அமைக்கச் சொல்லுங்கள். அப்போது தொற்றிய கணினியால் பழைய நகல்களைத் தொட முடியாது. நாஸின் நிர்வாகக் கடவுச்சொல் எந்த அலுவலகக் கணினியிலும் சேமித்திருக்கக் கூடாது. இது வந்தாலும் 'அ', 'ஆ' டிஸ்க்குகள் நிற்கக் கூடாது.

கடைசியாக, 2008 முதல் சேர்ந்திருக்கும் சிடிக்கள். அவற்றை இப்போதே ஒரு கோப்புறைக்குள் நகலெடுங்கள். உப்புக் காற்றும் ஈரமும் உள்ள ஊரில் எழுதப்பட்ட சிடிக்களின் ஆயுளை நம்ப முடியாது. ஒரு டிரைவில் படிக்காத தட்டு வேறு டிரைவில் படிக்கக்கூடும் என்பதால் இரண்டு, மூன்று டிரைவுகளில் முயன்று பாருங்கள். அவற்றில் இருக்கும் தமிழ்க் கடிதங்களைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியலாம். தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்கும்வரை, ஏன் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், ஆளுக்கொரு எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தோம். பாமினி, வானவில் அவ்வையார் என்று எந்த எழுத்துருவில் அடித்தார்களோ அந்த எழுத்துருக் கோப்போ, யூனிகோடுக்கு மாற்றித் தரும் நிரலோ இல்லாமல் அந்தக் கடிதம் படிக்கக் கிடைக்காது. பழைய கணினி ஏதாவது இன்னும் ஓடினால், அதன் ஃபான்ட்ஸ் கோப்புறையை முழுவதுமாக எடுத்து இந்தக் கோப்புகளோடு சேர்த்து வையுங்கள். முக்கியமான ஒப்பந்தங்களையும் கடிதங்களையும் அந்தக் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிவிடுவது இன்னும் மேல். எல்லாம் இரண்டு டிஸ்க்கிலும் ஏறி, ஒருமுறை மீட்டுப் பார்த்தபின் சிடிக்களை எறியலாம். எறியும் முன் உடைத்துவிடுங்கள். அவற்றிலும் வாடிக்கையாளர்களின் விவரங்கள் இருக்கின்றன.